அழுகையைக் காட்ட எத்தனை அடி தள்ளி நிற்பது?

(சாமல்பட்டியில் ஆசிரியர்கள் கூடிய கலந்துரையாடல் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாணவர்களோடு சேர்ந்து குறும்படம் எடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் திரைப்படக் கல்லூரியில் படித்தவன் அல்லன். பி.எட். முடித்து, அரசுப் பள்ளியில் தமிழ் நடத்துகிறவன். ஆனால் நம் பள்ளிகளுக்குள் சினிமா வந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டு பள்ளிக் கல்வித்துறை சிறார் திரைப்பட விழாவைத் தொடங்கியதிலிருந்து 6 முதல் 9-ஆம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியிலேயே படம் பார்க்கிறார்கள், பார்த்ததைப் பற்றிப் பேசுகிறார்கள், எழுதுகிறார்கள். பார்த்த பிள்ளைகள் அடுத்துக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "நாமளும் ஒண்ணு எடுக்கலாமா சார்?"

எடுக்கலாம். கேமரா நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. கதையும் ஊரிலேயே கிடக்கிறது. தடுமாறுவது ஓரிடத்தில்தான். கதையில் ஒருவர் வருத்தப்படுகிறார், வெட்கப்படுகிறார், பயப்படுகிறார். அப்போது கேமராவை எங்கே வைப்பது? இன்று அதை மட்டும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நம் பிள்ளைகளிடம் கேட்டால் உடனே பதில் வரும். முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும், கண்ணீர் தெரிய வேண்டும், பின்னால் சோகப் பாட்டு ஓட வேண்டும். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொலைக்காட்சித் தொடரில் ஒரு செய்தியைக் கேட்டதும் வீட்டிலுள்ள ஒவ்வொருவர் முகமும் மும்முறை பெரிதாகி நிற்கிறது. ரீல்ஸிலும் அதே கதைதான். உணர்ச்சி என்றால் குளோசப் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கட்டுரை எழுதச் சொன்னால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இதுவும். இன்னும் சில சொற்களை நாம் கொடுக்க வேண்டும்.

நான்கு வகை அழுகை

தமிழாசிரியன் என்பதால் தொல்காப்பியத்திலிருந்து தொடங்குகிறேன். மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகள் வருகின்றன. மெய் என்றால் உடம்பு. உள்ளே இருக்கும் உணர்ச்சி உடம்பில் தோன்றுவதுதான் மெய்ப்பாடு. முகத்தில் மட்டும் தோன்றுவது என்று அந்தச் சொல்லில் இல்லை. கை நடுங்குவதும், தோள் சரிவதும், நடை தளர்வதும், கால் விரல் தரையைக் கீறுவதும் மெய்ப்பாடுகளே. குறும்படம் எடுக்கப்போகும் பிள்ளைக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, ஒவ்வொரு மெய்ப்பாட்டுக்கும் நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் சொல்கிறது. அழுகை நான்கு காரணங்களால் வரும்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வதால் வருவது இளிவு. உறவையோ பொருளையோ இழப்பதால் வருவது இழவு. முன்பிருந்த நல்ல நிலை குலைந்து வேறொரு நிலைக்கு வந்து வருந்துவதை அசைவு என்று உரையாசிரியர்கள் விளக்குகிறார்கள். வறுமைக்கு விளக்கம் தேவையில்லை.

நான்கிலும் கண்ணீர் ஒன்றுதான். காரணம் வேறு. காரணம் வேறானால் கேமரா நிற்கும் இடமும் வேறாக வேண்டும்.

இளிவை எடுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் எல்லார் முன்னாலும் ஒரு பையன் திட்டு வாங்குகிறான். அந்த நேரம் அவன் முகத்தை மறைத்துக்கொள்ளத்தான் நினைப்பான். நாம் கேமராவோடு அந்த முகத்துக்கு முன்னால் போய் நின்றால், திட்டுகிறவர் செய்வதையே நாமும் செய்கிறோம். அவன் பின்னங்கழுத்தைக் காட்டலாம். பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருக்கும் கையைக் காட்டலாம். திரும்பிப் பார்க்கும் மற்ற பிள்ளைகளின் கண்களைக் காட்டலாம். அவமானம் என்பது பார்க்கிறவர்களின் கண்ணில்தானே இருக்கிறது?

இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' 1948-இல் வந்தது. சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் அவசியம். அது திருடுபோகிறது. தேடி அலுத்த தகப்பன் கடைசியில் தானே ஒரு சைக்கிளைத் திருடப் போய்ப் பிடிபடுகிறான், மகன் கண்ணெதிரே. தகப்பனாக நடித்தவர் உண்மையிலேயே ஓர் ஆலைத் தொழிலாளி. அவருடைய அவமானத்தை நாம் மகனின் முகத்தின் வழியாகத்தான் பெரிதும் அறிகிறோம். முடிவில் மகன் தகப்பனின் கையைப் பிடித்துக்கொள்கிறான். இருவரும் கூட்டத்துக்குள் நடந்து மறைகிறார்கள். நமக்கு மிஞ்சுவது அவர்களுடைய முதுகுதான்.

இழவு வேறு. 1955-இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யில் மகள் துர்கா இறந்த செய்தி தெரியாமல் தகப்பன் வெளியூரிலிருந்து திரும்புகிறார். வாங்கி வந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். துர்காவுக்கு வாங்கிய சேலை வருகிறது. தாய் அதைப் பற்றிக்கொண்டு உடைந்து அழுகிறாள். இங்கே ராய் அருகில்தான் போகிறார். ஆனால் அவள் குரலை நமக்குக் கேட்க விடவில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்னும் வில் வைத்து வாசிக்கும் நரம்புக் கருவி ஒலிக்கிறது. முகத்தைக் கொடுத்தார், குரலை எடுத்துக்கொண்டார். ஒன்றைக் காட்டினால் இன்னொன்றை அடக்க வேண்டும் என்பதை இந்த ஒரு காட்சியிலிருந்தே கற்கலாம்.

அசைவுக்கு நம் பகுதியிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஒரு காலத்தில் மாமரமும் கேழ்வரகும் வைத்திருந்த பெரியவர், இப்போது ஒரு கம்பெனி வாசலில் காவலாளி. சீருடை, தொப்பி, கையில் வருகைப் பதிவேடு. அவருடைய முகத்தைப் பெரிதாகக் காட்டினால் பார்க்கிறவருக்கு ஒரு வயதானவர் மட்டுமே தெரிவார். தள்ளி நின்று, அந்தப் பெரிய இரும்புக் கேட்டுக்குப் பக்கத்தில் அவரை ஓர் ஆள் உயரப் புள்ளியாகக் காட்டினால் நிலை மாறியது தெரியும். அசைவு என்பது இரண்டு நிலைகளுக்கு இடையிலுள்ள தூரம். அந்தத் தூரம் ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும்.

வறுமையும் அப்படித்தான். அது முகத்தில் எழுதப்பட்ட ஒன்றன்று, சுற்றிலும் இருப்பது. பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021-இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. வெயிலில் வறண்ட நிலத்தில் தகப்பனும் மகனும் நடக்கிறார்கள். நிலம் பெரிது, ஆள் சிறிது. கிழிந்த சட்டையை அருகில் காட்டிப் பரிதாபம் தேடவேண்டிய அவசியமே அந்தப் படத்துக்கு வரவில்லை. (அதில் வன்மையான பேச்சும் அடிதடியும் உண்டு. ஆசிரியர்கள் பார்க்கலாம். வகுப்பில் போட ஏற்றதன்று.)

இதையெல்லாம் சூத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இளிவென்றால் முதுகு, வறுமையென்றால் லாங் ஷாட் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிட்டால் பழைய குளோசப்பைவிட அது மோசம். எந்த அழுகை இது என்று முதலில் கேட்கப் பழக்கினால் போதும்.

அருகில் போவதற்கு உரிமை

அப்படியென்றால் குளோசப்பே கூடாதா? கூடும். 1921-இல் வந்த சார்லி சாப்ளினின் 'தி கிட்' படத்தை நம் பிள்ளைகளில் பலர் பார்த்திருக்கிறார்கள். அநாதை விடுதிக்காரர்கள் சிறுவனைப் பிடித்து வண்டியில் ஏற்றுகிறார்கள். ஜாக்கி கூகன் என்னும் அந்தச் சிறுவன் கைகளை நீட்டிக் கதறுகிறான். மறுபக்கம் சாப்ளின் வீட்டுக் கூரைகள் மேல் ஓடி வருகிறார். நூறாண்டு கழித்தும் அந்த இடத்தில் வகுப்பறை அமைதியாகிவிடுகிறது. ஏன்? அதுவரை அந்த இருவரும் சேர்ந்து அடை சுட்டுச் சாப்பிட்டதையும், கண்ணாடி உடைத்துப் பிழைத்ததையும் நாம் தள்ளி நின்று பார்த்துச் சிரித்திருக்கிறோம். அவர்களோடு பழகிவிட்டோம். பழகியபின் அருகில் போகிறோம்.

ஒருவர் வீட்டுக்குள் நாம் எப்படிப் போவோம்? தெருவில் நின்று கூப்பிடுவோம், திண்ணையில் உட்காருவோம், பிறகுதான் உள்ளே. கேமராவும் அப்படித்தான். லாங் ஷாட் தெரு. மிட் ஷாட் திண்ணை. குளோசப் அடுப்படி. எடுத்தவுடன் அடுப்படிக்குள் நுழைகிறவரை யாரும் விரும்புவதில்லை.

எனவே பிள்ளைகளுக்கு ஒரு கட்டுப்பாடு வைக்கலாம். ஐந்து நிமிடப் படத்தில் ஒரு குளோசப் மட்டும் என்று சொல்லுங்கள். அதை எங்கே செலவழிப்பது என்று அவர்கள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் திரைக்கதைப் பயிற்சி.

உயரம், நேரம், அடுத்த ஷாட்

தூரத்தைப் போலவே உயரமும் பேசும். பெரியவர்கள் நின்றபடியே சிறு பிள்ளைகளைப் படம் எடுத்தால் எல்லாப் பிள்ளைகளும் உச்சந்தலையாகவும் மேல்நோக்கிய கண்ணாகவும் தெரிவார்கள், இரங்கத்தக்கவர்களாக. முட்டி போட்டுக் கேமராவை அவர்கள் கண்மட்டத்துக்கு இறக்குங்கள். அதே பிள்ளை நம்மோடு சமமாகப் பேசும். ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு வீட்டுக் காட்சிகளில் கேமராவைத் தாழ்வாக வைத்ததற்குப் பெயர் பெற்றவர். பாயில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களோடு நாமும் உட்கார்ந்திருப்பது போலிருக்கும். பாயில் உட்காரும் வழக்கம் நமக்கும் உண்டுதானே?

அடுத்தது நேரம். பாலு மகேந்திராவின் 'வீடு' 1988-இல் வந்தது. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் எல்லாம் அவரே. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட, வேலைக்குப் போகும் ஒரு பெண் சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டப் படும் பாடுதான் கதை. அவளுடைய தாத்தாவாகச் சொக்கலிங்க பாகவதர். கட்டி முடியாத வீட்டைப் பார்க்க அந்த முதியவர் ஒருநாள் தனியாகப் போகிறார். வசனம் பேச அங்கே ஆளில்லை. அவர் நடப்பதையும் பார்ப்பதையும் அவசரமில்லாமல் நம்மையும் பார்க்க விடுகிறது படம். வீடு முடிவதைக் காண அவர் உயிரோடு இருக்கப்போவதில்லை. அந்தக் காட்சியை ஆறு துண்டுகளாக வெட்டி வேகமாக ஓட்டியிருந்தால் கதை புரிந்திருக்கும், ஆனால் மனத்தில் நின்றிருக்காது. பாலு மகேந்திரா பின்னாளில் சன் தொலைக்காட்சியில் 'கதை நேரம்' என்னும் தொடரில் தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக எடுத்தார். சிறுகதை நடத்தும் தமிழாசிரியர்கள் அவசியம் தேடிப் பார்க்க வேண்டியவை.

நேரத்துக்கு நான் சொல்லும் வழி எளிது. நடிப்பவர் செய்யவேண்டியதைச் செய்து முடித்த பிறகும் மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். அதன்பிறகு கேமராவை நிறுத்துங்கள். உண்மையான முகபாவம் பெரும்பாலும் அந்தப் பத்து எண்ணிக்கைக்குள்தான் வருகிறது.

மூன்றாவது, அடுத்த ஷாட். ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்பவர் ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் உணர்ச்சியில்லாத முகத்தை எடுத்து, அதன்பின் சூப் உள்ள தட்டையும், பிறகு சவப்பெட்டியையும், பிறகு ஒரு பெண்ணையும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் ஆசையையும் கண்டார்களாம். இதை வகுப்பிலேயே செய்யலாம். வெறுமனே பார்க்கும் ஒரு மாணவியின் முகம், அடுத்து மதிப்பெண் அட்டை. அதே முகம், அடுத்து காலியான சத்துணவுத் தட்டு. அதே முகம், அடுத்து பள்ளி வாசலில் நிற்கும் அம்மா. அரை மணி நேரத்தில் பிள்ளைகளுக்கு ஒன்று தெரிந்துவிடும்: உணர்ச்சியை நடிகர் மட்டும் உண்டாக்குவதில்லை, இரண்டு ஷாட்டுகளுக்கு நடுவே பார்க்கிறவரும் உண்டாக்குகிறார்.

பொருளைக் காட்டும் ஷாட்டின் வலிமையும் இதுதான். 'கூழாங்கல்'லில் பையன் தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு நடக்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதைக் கொண்டுபோய் வைக்கிறான். அங்கே ஏற்கெனவே கூழாங்கற்கள் குவிந்திருக்கின்றன. இது முதல் நடையன்று என்பதை யாரும் சொல்லவில்லை. கற்கள் சொல்கின்றன. சங்கப் பாட்டில் கருப்பொருள் செய்யும் வேலையும் இதுவே என்று 9, 10-ஆம் வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கலாம்.

காயாத சட்டை

எங்கள் மாணவர்கள் எடுத்த ஒரு படத்தை வைத்து இதை விளக்குகிறேன். நம் பகுதியில் ஓசூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே அறை எடுத்துத் தங்கி, வாரம் ஒருமுறை ஊருக்கு வரும் அப்பாக்கள் உண்டு. 8-ஆம் வகுப்பு மாணவன் ஒருவன் அரைப் பக்கத்தில் ஒரு கதை எழுதிக் கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை. அப்பாவின் கம்பெனிச் சட்டையை அம்மா துவைத்துக் கொடியில் போடுகிறார். சாயங்காலம் அதைப் போட்டுக்கொண்டுதான் அப்பா பஸ் ஏற வேண்டும். சட்டை காயாவிட்டால் அப்பா போக மாட்டார் என்று நினைத்த பையன், வெயில் நகர நகரச் சட்டையை நிழலுக்கு மாற்றிக்கொண்டே இருக்கிறான். அவ்வளவுதான் கதை.

எப்படி எடுப்பது என்று பேசினோம். முதலில் வந்த யோசனை எதிர்பார்த்ததுதான்: பஸ் கிளம்பும்போது பையன் அழும் முகம், குளோசப். ஒரு மாணவி குறுக்கிட்டாள். "அவன் அழுதா அப்பா போயிடுவாருன்னு அவனுக்கு முன்னாடியே தெரியும்னு ஆயிடும் சார். அவன் கடைசி வரைக்கும் நம்பிட்டில்ல இருக்கான்?" நான் பாடம் நடத்த அதற்குமேல் அங்கே ஒன்றுமில்லை.

ஷாட்டுகள் இப்படி முடிவாயின.

முதலாவது, லாங் ஷாட். வீடு, முற்றம், கொடி, புளியமரத்தின் நிழல். வெயிலுக்கும் நிழலுக்கும் இடையிலான கோடு தரையில் தெளிவாகத் தெரிய வேண்டும். கதையே அந்தக் கோடுதான்.

இரண்டாவது, நீலச் சட்டை மட்டும். அதிலிருந்து சொட்டும் நீர்.

மூன்றாவது, பையனின் கைகள். சட்டையைக் கொடியில் தள்ளி நகர்த்துகின்றன. முகம் இல்லை.

நான்காவது, முதல் ஷாட்டில் இருந்த அதே இடம், அதே அளவு. நிழல் நகர்ந்திருக்கிறது, சட்டையும் நகர்ந்திருக்கிறது. இதைக் காலையிலும் நண்பகலிலும் பிற்பகலிலும் ஒரே இடத்திலிருந்து எடுத்தோம். கேமரா நின்ற இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து வைத்தோம்.

ஐந்தாவது, மிட் ஷாட். அம்மா கதவோரம் நின்று பார்த்துவிடுகிறார். திட்டவில்லை. உள்ளே போய்விடுகிறார். அவர் போனபிறகும் காலியான கதவைக் கேமரா சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆறாவது, அப்பா ஈரச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார். பின்னாலிருந்து எடுத்தது. முதுகில் துணி ஒட்டுகிறது. "ஈரந்தான். பஸ்ல காத்துல காஞ்சிரும்" என்கிறார்.

ஏழாவது, படத்தின் ஒரே குளோசப். அதைக் கேட்கும் பையனின் முகம். அவனுக்கு நாங்கள் சொன்னது: "அழாதே. அப்பா சொல்வது காதில் விழுகிறது, அவ்வளவுதான்."

எட்டாவது, காலியான கொடி. இரண்டு கிளிப்புகள். தூரத்தில் பஸ் ஹாரன்.

ஒருவரும் அழாத படம். பெற்றோருக்குப் போட்டுக் காட்டியபோது, ஆறாவது ஷாட்டிலேயே கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது.

கதை எழுதிய பையன் நடிக்க மறுத்துவிட்டான். போனைப் பிடிக்கிறேன் என்றான். அப்பா கிளம்பும் காட்சியில் இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமா என்று மற்றவர்கள் கேட்டபோது அவன் சொன்னான்: "வேணாம். கிட்டப் போனா அவருக்குப் பிடிக்காது." அப்பாவாக நடித்தவர் அவன் அப்பா அல்லர், பக்கத்துத் தெரு அண்ணன். ஆனாலும் அவன் யாரைச் சொன்னான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

யாருடைய கண்ணீர்?

இந்த இடத்தில்தான் ஆசிரியரின் பொறுப்பு வருகிறது. யதார்த்தப் படம் என்று சொல்லிப் பிள்ளைகளிடம் உண்மைக் கதை கேட்கிறோம். அவர்கள் நம்பிக் கொடுக்கிறார்கள். குடிக்கும் அப்பா, கடன் வாங்கிய அம்மா, வீட்டில் அடி என்று எல்லாம் வரும். திரையில் அது உருக்கமாக இருக்கும். மறுநாள் அந்தப் பிள்ளை அதே வகுப்பில், அதே பெஞ்சில் உட்கார வேண்டும்.

அதனால் சில நெறிகளைக் கடைப்பிடிக்கலாம். தன் கதையில் தானே நடிக்கச் சொல்லக் கூடாது. பிள்ளையே விரும்பிக் கேட்டாலும் ஒரு வாரம் தள்ளிப்போட்டு மீண்டும் கேட்க வேண்டும். ஊர், வேலை, உறவு ஆகியவற்றில் ஒன்றையாவது மாற்றிவிட வேண்டும். நடிக்கும் பிள்ளையை அழவைக்க உண்மையான துயரத்தை நினைவூட்டக் கூடாது. 'உங்க பாட்டி செத்ததை நெனச்சுக்கோ' என்று சொல்லி வாங்கும் கண்ணீர் நமக்கு வேண்டாம். தலைமையாசிரியர், பெற்றோர், பிள்ளை மூவரின் சம்மதமும் வேண்டும். எடுத்த படத்தைப் பள்ளிக்குள் போட்டுக் காட்டுவது வேறு, சமூக ஊடகத்தில் ஏற்றுவது வேறு. இரண்டாவதற்குத் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒருமுறை போய்விட்டால் திரும்பப் பெற முடியாது.

இன்னொன்று மிக முக்கியம். கதை என்று எழுதிக் கொடுத்ததில் ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடப்பது தெரிந்தால், அது அந்த நொடியிலிருந்து படத்துக்கான கதை அன்று. 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கோ, நம் துறையின் 14417 எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டிய செய்தி. பாலியல் குற்றமென்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்வது நம் கடமை. பாதிக்கப்பட்ட பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதை அச்சட்டமும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் தடுக்கின்றன. கேமராவை அணைத்துவிட்டு அந்தப் பிள்ளையோடு உட்கார வேண்டிய நேரம் அது.

எவ்வளவு தள்ளி நிற்பது என்பது வெறும் ஒளிப்பதிவுக் கேள்வி என்றுதான் நானும் முதலில் படித்தேன். பிள்ளைகளோடு எடுக்கும்போது, ஒருவருடைய துயரத்தின் முன் எப்படி நிற்பது என்ற கேள்வியாக அது மாறிவிடுகிறது. சாலையில் விபத்து நடந்தால் போனை எடுத்து வீடியோ பிடிக்கும் காலம் இது. தள்ளி நிற்கவும், தேவையானபோது முகத்தைத் தவிர்க்கவும் பழகிய பிள்ளை, அந்த இடத்தில் போனைப் பைக்குள் வைத்துவிட்டு 108-ஐ அழைக்கும் என்று நம்புகிறேன்.

திங்கட்கிழமை செய்யக்கூடியவை

பெரிய செலவு எதுவும் வேண்டாம். சில நடைமுறைக் குறிப்புகள்.

மாணவர்கள் போன் கொண்டுவர வேண்டியதில்லை. ஆசிரியரின் போன் ஒன்று போதும். படம் எடுக்கும்போது விமானப் பயன்முறையில் வைத்துவிடுங்கள், நடுவில் அழைப்பு வராது. போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். டிரைபாட் இல்லையென்றால் இரண்டு செங்கல்லும் மணல் நிரப்பிய ஒரு துணிப்பையும் போதும். திரையில் முகத்தின் மேல் விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஒளியும் குவியமும் பூட்டிக்கொள்ளும். இல்லாவிட்டால் காட்சியின் நடுவில் வெளிச்சம் ஏறி இறங்கும்.

குளோசப்புக்குப் போனை மூக்கருகே நீட்ட வேண்டாம். மூக்கு பெரிதாகவும் காது சிறிதாகவும் தெரியும். ஐந்தாறு அடி தள்ளி நின்று இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். முகமும் இயல்பாக இருக்கும், நடிக்கும் பிள்ளையும் கூச்சப்படாது.

ஒளிக்கு ஜன்னலோரமே நல்ல இடம். முகத்தின் மறுபக்கம் இருட்டாக இருந்தால் ஒரு வெள்ளை வேட்டியையோ சார்ட் தாளையோ பிடித்து ஒளியைத் திருப்புங்கள். இது ஏழைகளின் தந்திரம் என்று நினைக்க வேண்டாம். 'பதேர் பாஞ்சாலி'யின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, அடுத்து வந்த 'அபராஜிதோ'வில் (1956) துணியில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டுதான் அரங்குக்குள் பகல் வெளிச்சத்தை உண்டாக்கினார். 'பதேர் பாஞ்சாலி'க்கு முன் அவர் திரைப்படக் கேமராவைக் கையாண்டதில்லை, வயது இருபத்தொன்று. இதைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

தள்ளி நின்று எடுத்தால் குரல் சரியாகப் பதியாது. இன்னொரு போனில் குரல் பதிவைப் போட்டு, பேசுகிறவரின் பக்கத்தில் மறைத்து வையுங்கள். தொடங்கும்போது ஒருமுறை கைதட்டினால் பின்னர் இரண்டையும் சேர்ப்பது எளிது.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் போன்கூடத் தேவையில்லை. ஓர் அட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டிப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கண்ணருகே வைத்தால் லாங் ஷாட், கையை நீட்டிப் பிடித்தால் குளோசப். 'மழையில் நனைந்த நாய்க்குட்டியை எங்கிருந்து பார்த்தால் உனக்குப் பாவமாக இருக்கிறது?' என்று கேளுங்கள். 3-ஆம் வகுப்புப் பிள்ளை தரையில் படுத்துக்கொண்டு பார்க்கும். உயரம் பற்றிய பாடம் முடிந்தது.

உயர்நிலை வகுப்புகளில் பாடநூலிலுள்ள ஒரு சிறுகதையை எடுத்து, அதில் ஒரு பத்தியை எட்டு ஷாட்டுகளாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூன்று கேள்விகள்: இது எந்த மெய்ப்பாடு? காரணம் என்ன? ஏன் இந்தத் தூரம்? இதற்கு விடை எழுதும் பிள்ளை அந்தக் கதையை நன்றாகப் படித்திருக்கும். படமே எடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

இனி உங்கள் கேள்விகள். பின்வரிசையில் இருப்பவர்களிடமிருந்து தொடங்கலாம்.